சூரிய காந்தத் தண்ணீர்

எண்பதாம் வருஷம் மாசி மாதக் கிரகணத்தன்று அரியலூரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்த வேம்பு டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. சூரியனைக் கண்டு இவ்வளவு பயமா என்று, அடுத்த வாரமே பள்ளி மைதானத்தில் ஊராருக்கு ஒரு கூட்டம் போட்டார்.

சின்னத் தொலைநோக்கி வழியாக வெள்ளை அட்டையில் சூரியனை விழவைத்தார். அதன்மேல் மிளகு சிதறினாற்போலக் கரும்புள்ளிகள் தெரிந்தன.

"இந்தப் புள்ளியெல்லாம் பெரிய பெரிய காந்தம். அங்க யாரும் போய்ப் பார்க்கலை. வெயிலை நிறம் நிறமாப் பிரிச்சா நடுநடுவே கறுப்புக் கோடு இருக்கும். புள்ளியிலேருந்து வர்ற வெளிச்சத்துல மட்டும் அந்தக் கோடு பிளந்து நிக்குது. பலமான காந்தத்துக்கு நடுவுல விளக்கை எரிச்சாலும் கோடு அப்படித்தான் பிளக்கும். அதை வச்சே 1908-ல அமெரிக்காவுல ஒருத்தர் கண்டுபிடிச்சார்."

மைக் செட் போட வந்திருந்த ரேடியோக் கடை கொளஞ்சி, ஒயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அப்ப வெயில்ல காந்தம் இருக்குதுங்கறீங்க?"

"சூரியன்ல இருக்கு."

அவனுக்கு அது போதுமாக இருந்தது.

நாலு நாள் கழித்துப் பெரிய டீச்சர் சம்பூர்ணம் வேம்புவைக் கூப்பிட்டு அனுப்பினார். "கடைத்தெருப் பக்கம் போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார். முகம் சரியில்லை.

கொளஞ்சியின் கடை வாசலில் கூட்டம். பழைய ஸ்பீக்கர் காந்தங்களைத் துணியில் முடிந்து ஒரு மண்பானையின் கழுத்தில் மாலைபோலக் கட்டி, வெயிலில் வைத்திருந்தான். மேலே பலகை: 'சூரிய காந்தத் தண்ணீர். மூட்டுவலி, முதுகுவலி தீரும். வேம்பு டீச்சர் நிரூபித்தது. பேட்டரிக் கட்டை வாங்குவோர்க்கு ஒரு சொம்பு இலவசம்.'

"கொளஞ்சி, நான் எப்பய்யா நிரூபிச்சேன்?"

"மைக்குல சொன்னீங்களே டீச்சர். என் மைக்குதான்."

கோபத்தில் ஏதாவது சொன்னால் கூட்டம் அவன் பக்கம்தான் நிற்கும் என்று வேம்புவுக்குத் தெரிந்தது. கீழுதட்டைக் கடித்து யோசித்தார். பிறகு சத்தமாக, வருத்தப்படுகிறவர்போலச் சொன்னார்:

"ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். சூரியனோட காந்தம் பதினோரு வருஷத்துக்கு ஒரு தடவை தலைகீழாத் திரும்பிக்கும். வடக்கு தெற்காயிடும். இப்ப அது திரும்புற சமயம்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. கூட்டம்தான் மீதியைத் தானே முடிவுகட்டிக்கொண்டது. சொம்போடு நின்ற காத்தாயி மெல்லக் கேட்டாள்:

"அப்ப போன வலி திரும்பி வந்துருங்களா?"

"அது எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு வேம்பு நடையைக் கட்டினார். பின்னால் சொம்புகள் கவிழும் சத்தம் கேட்டது. தெருமுனை திரும்பியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பு மறுநாளே போய்விட்டது. கொளஞ்சி காந்தங்களைக் கழுத்திலிருந்து அவிழ்த்து, திருப்பிப் போட்டு, பானைக்கு அடியில் பரப்பி, திரும்பிப்போன வெயில் படக்கூடாதென்று பானையைக் கடைக்குள் அலமாரிமேல் ஏற்றியிருந்தான். பலகையில் புதிதாக ஒரு வரி: 'சூரியன் திரும்பியது. நாமும் திருப்பிவிட்டோம்.' பழைய கூட்டத்தைப்போல இரண்டு மடங்கு. முதல் தடவை குடித்தவர்கள் எல்லாரும் மறுபடி குடித்தாகவேண்டும் என்று வந்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கைப்பையில் டம்ளரோடு சம்பூர்ணம் நின்றார்.

"பெரிய டீச்சர்?"

"முழங்கால் குடையுது வேம்பு. கண்டுக்காம போ."

வேம்பு கண்டுகொள்ளாமல் போனார். அன்று வகுப்பில் அவர் வரைந்த காந்தத்தில் இரண்டு பக்கமும் வடக்கு என்றே இருந்தது.

அடுத்த வாரம் கொளஞ்சி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு டேப் ரிக்கார்டர்.

"டீச்சர், இதக் கேளுங்க."

பொத்தானை அமுக்கினான். எண்ணெய்ச் சட்டிபோல ஒரே இரைச்சல். அதற்குள் எங்கேயோ தூரத்தில் நாதஸ்வரம்.

"வரதராஜன்பேட்டைக் கல்யாணத்துல நான் பதிவு பண்ணின கேசட்டு. மாப்பிள்ளை வந்து கேட்கறாரு. அலமாரி மேல்தட்டுல இருந்தது எல்லாமே இப்படி ஆயிட்டு."

"பானை அலமாரிமேல. அதுக்கடியில காந்தம். அதுக்கடியில?"

"கேசட்டுப் பெட்டிங்க."

"கேசட்டுல பாட்டை எழுதறதே காந்தம்தான். பக்கத்துல பெரிய காந்தம் வந்தா அழிச்சிரும்."

கொளஞ்சி பொத்தானை அமுக்கி இரைச்சலை நிறுத்தினான். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்ல" என்றான்.

"நீ மேல தூக்கி வைப்பேன்னு எனக்கென்னய்யா தெரியும்?" என்றார். ஆனாலும் தான் சொன்ன வார்த்தையால்தானே பானை மேலே ஏறியது என்று மனசு உறுத்தியது. மறுநாள் அவரே பஸ் ஏறி வரதராஜன்பேட்டை போய், மாப்பிள்ளையிடம் பேசி, ஊரில் வேறொருவர் எடுத்திருந்த கேசட்டிலிருந்து நகல் எடுத்துவர ஏற்பாடு செய்தார். பானை தெருவோரத்துக்குப் போய் வெறும் தண்ணீர்ப் பந்தலானது. அதையும் ஜனங்கள் குடித்தார்கள். சம்பூர்ணத்துக்கு முழங்கால் இன்னும் தேவலையாம்.

மார்கழியில் வேம்பு இன்னொரு கூட்டம் போட்டார். வானத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களையும் அதற்குக் கீழே மங்கலாகத் தெரியும் புகைபோன்ற மேகத்தையும் காட்டினார். அந்த மேகம் உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கம் நம்மை நோக்கியும், இன்னொரு பக்கம் விலகியும் ஓடுகிறது, அதன் வெளிச்சத்தின் நிறம் இம்மியளவு நகர்வதை வைத்து 1914-லேயே பிரான்சில் அளந்துவிட்டார்கள் என்றார்.

முன்வரிசையில் கொளஞ்சி எழுந்தான்.

"அது எவ்வளவு வேகமா ஓடுதுங்க டீச்சர்?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாத்தாங்க. அடுத்த மாசம் கடையில மேசை ஃபேன் இறக்கலாம்னு இருக்கேன்."

வேம்பு மைக்கை அணைத்துவிட்டுப் பதில் சொன்னார்.