ஏறிக்குங்க கண்ணு

லின்சிக்கு ஓட்டம் என்றாலே ஆகாது. பள்ளிக்கூடத்துக்குப் பஸ் தாமதமாக வந்தால், டிரில் வாத்தியார் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓட விட்டது அவளைத்தான், டிரைவரை அல்ல. அன்றைக்கு ஏறிய கோபம் டிகிரி முடித்தும் இறங்கவில்லை.

போலீஸ் எஸ்.ஐ. வேலைக்கான எழுத்துப் பரீட்சையில் போன வருஷமே தேறிவிட்டாள். ஆனால் கோவையில் மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொன்னபோது, பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த வருஷமும் எழுத்தில் தேறியாயிற்று. ஓட்டம்தான் பாக்கி.

"இந்தத் தடவையும் உக்காந்துட்டீன்னா மில்லு ஆபீசுல சேந்துக்கோ. சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் அப்பா அமிர்தராஜ். அந்த மில்லிலேயே ஃபிட்டர் அவர்.

"நான் தோக்கறதுக்கு முந்தியே எடம் போட்டு வெச்சாச்சாப்பா?" என்று கத்திவிட்டு, மறுநாள் விடியற்காலையில் அன்னூரை விட்டுப் பிரியும் காட்டு ரோட்டில் இறங்கினாள்.

ஓட விட்டால்தானே! அந்தப் பக்கத்தில் ஒரு பெண் ஓடுகிறாள் என்றால், ஒன்று பஸ்ஸை விட்டிருக்க வேண்டும், இல்லை வீட்டில் யாருக்காவது முடியாமல் போயிருக்க வேண்டும். மூன்றாவது காரணம் யாருக்கும் தெரியாது. முதலில் தோட்டத்துக்கு மோட்டார் போடப் போன லட்சுமணசாமி ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"ஏனுங்க அம்மணி, ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லீங்களா?"

நின்று பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் போனால், அமிர்தராஜ் மகளுக்குப் படிச்ச திமிர் என்று ஊரே பேசும். நின்றாள், சொன்னாள், மறுபடி பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்தாள். அடுத்த வேப்பமரத்தடியில் மூச்சு முட்டி நிற்கும்போது, பால்கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு ராசாத்தாள் வந்தாள்.

"ஏறிக்குங்க கண்ணு, சொசைட்டி வரைக்கும் வுட்டுட்டுப் போறேன்."

"இல்லீங்கக்கா, சும்மா ஓடறேனுங்க."

"சும்மா எதுக்குக் கண்ணு ஓடோணும்?"

லின்சி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி ஓடினாள். தினமும் இதே கூத்து. நாலு எட்டு ஓடுவதற்குள் ஒரு வண்டி, ஒரு விசாரணை, ஒரு கும்பிடு.

ஒருநாள் அவளுக்குப் பொறுமை போயிற்று. ராசாத்தாள் ஏறச் சொன்னபோது, "வண்டிய நிறுத்தாதீங்க, கூடவே வாங்க, ஓடிட்டே சொல்றேன்" என்றாள். ராசாத்தாளுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். மொபெட்டை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு, எருமை உதைத்ததில் தொடங்கி மருமகள் எதிர்த்துப் பேசியது வரை போனாள்.

"மருமக சொன்னதுல என்னக்கா தப்பு? நீங்க பேசுனதுதான் தப்பு!"

"அட, நீங்களும் அவ கச்சியா?"

சண்டை சூடு பிடித்து, யாருடைய தப்பு என்று முடிவாகும் முன்பே பால் சொசைட்டி வந்துவிட்டது. லின்சி திகைத்துப்போனாள். வயிறு வலிக்கவில்லை.

"ஏனுங்கக்கா, நடுவுல எங்கியாச்சும் நின்னனா?"

"கால் எங்க கண்ணு நின்னுது? வாயே நிக்கலியே!"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் அவள் ஓடவே இல்லை; யாரையோ அடிக்கத் துரத்தியிருக்கிறாள். வாய் பேச முடிகிற வேகம்தான் தன் வேகம். அதன்பிறகு தினமும் சொசைட்டியையும் தாண்டிப் போனாள். சோளக்காட்டு ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். அலாரம் அடிக்கும் முன்பே கால் பரபரக்கும். இதென்னடா, நமக்கா இப்படி என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

தேர்வு நாளில் விசில் ஊதியதும் மற்றவர்கள் பிய்த்துக்கொண்டு போனார்கள். லின்சிதான் கடைசி. பாதிச் சுற்றில், சிவப்பு டீஷர்ட் போட்ட ஒரு பெண் இரைக்க இரைக்கத் தளர்ந்தாள். லின்சி பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங்க, எந்த ஊருங்க?"

அவள் முறைத்தாள். "அந்... அந்தியூ..."

"ஊர்ப் பேரையே சொல்ல முடியல பாருங்க. கொஞ்சம் மெதுவா வாங்க, என்கூடவே."

இருவரும் சேர்ந்து வளைவைத் திரும்பினார்கள். முன்னால் பாய்ந்தவர்களில் மூன்று பேர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்கள். கடைசி நேர்க்கோட்டில் லின்சி காலை எட்டிப் போட்டாள். நெஞ்சு நிறையக் காற்று இருந்தது. கோட்டைத் தாண்டியதும் பெண் இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பாஸ்!" என்றார். பின்னாலேயே வந்த அந்தியூர்க்காரிக்கும் அதே சொல்.

லின்சி நிற்கவில்லை.

"ஏம்மா, முடிஞ்சுது! நில்லு!"

"ஓரமா இன்னொரு சுத்து போயிட்டு வாரேனுங்க மேடம்!"

"அவ்வளவு பிடிக்குமா ஓடறதுன்னா?"

"ஆமாங்க மேடம்" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். "ரெண்டு மாசமாத்தானுங்க!"