அசட்டுக் கேக்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தப்புப் பண்ணியவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும். அசட்டுக் கேக் என்று அதற்குப் பெயர். சிரித்துக்கொண்டே செய்வதால் இதை யாரும் கொடுமை என்று சொல்வதில்லை. நான் சொல்வேன்.

பக்கத்து மேசை சிட்செல் டென்மார்க்கின் இந்த ஓர்ஹூஸ் நகருக்கு வந்ததிலிருந்து ஒரே ஒரு சோதனைக்காக உழைத்தாள். அவளுடையவை ரத்தப் புற்றுச் செல்கள். ஒவ்வொரு செல்லிலும் ஏதாவது ஒரு மரபணுவை வெட்டி முடக்கி, எல்லாவற்றையும் ஒரே குடுவையில் கலந்து வளர்ப்பாள். அதில் வேதியியல்காரர்கள் அவளுக்கென்றே செய்து கொடுத்த மருந்தை ஊற்றுவாள். எந்த வெட்டு விழுந்த செல்கள் அடியோடு சாகின்றனவோ, அந்த மரபணுதான் அதுவரை புற்றை மருந்திடமிருந்து காப்பாற்றி வந்தது என்று பிடித்துவிடலாம். பிடித்துவிட்டால் கூடத்தில் காலியாக இருக்கும் ஒரே நிரந்தர வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் கூடத்தின் இன்னொரு ஆய்வாளன் யெப்பெவுக்கு. கோடையோடு இருவருக்கும் ஒப்பந்தம் முடிகிறது.

ஏப்ரலில் அவள் மகனுக்கு ஊர்ச் சர்ச்சில் திடப்படுத்தல் சடங்கு, அப்புறம் விருந்து. அந்த நேரம் பார்த்துக் குடுவை நிரம்பிவிடும். யாராவது செல்களைப் புதுக் குடுவைக்கு மாற்றியாக வேண்டும்.

"நீ நிம்மதியா போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றான் யெப்பெ.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். சாதாரணச் செல்களுக்குச் செய்வதுபோல இருபதில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டினான். சாதாரணச் செல்களெல்லாம் ஒரே ரகம், எவ்வளவு கொட்டினாலும் நஷ்டமில்லை. சிட்செலின் குடுவையில் ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் செல்கள்தான். கொட்டினால் பல வெட்டுகள் மருந்து தொடாமலே காணாமல் போகும். பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, மிஞ்சியவை பெருகிக் குடுவையை நிரப்பிவிடும். ஊரிலிருந்து வந்த சிட்செல் நிரம்பிய குடுவையைப் பார்த்து அவனுக்கு நன்றி சொன்னாள். இருந்த மருந்தையெல்லாம் அதில் ஊற்றித் தீர்த்தாள்.

ஜூனில் முடிவு வந்தது, தாறுமாறாக. ஒவ்வொரு மரபணுவையும் நாலு விதமாக வெட்டியிருந்தாள். ஒரே மரபணுவில் ஒரு வெட்டு செத்திருந்தது, மற்ற மூன்றும் கொழுத்திருந்தன. மருந்து கொன்றிருந்தால் நாலும் சேர்ந்தல்லவா சாகும்? யெப்பெவிடம் போய்க் கேட்டாள். அவன் மறைக்கக்கூட இல்லை.

"இருபதுல ஒரு பங்கு வெச்சேன். எப்பவும் அப்படித்தானே? ஒரு வாரத்துல திரும்ப வளந்துடுச்சுல்ல, அப்புறம் என்ன?"

"பாதிக்குக் கீழ குறைக்காதேன்னு மூடியிலயே எழுதியிருந்தேனே!"

"பாக்கல."

மூடியைத் திறக்காமல் செல்லை எப்படி எடுத்தானாம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே விபெகெயிடம் போனேன். விபெகெ எங்கள் பேராசிரியை. குரலை உயர்த்தியே பேசமாட்டாள், அதற்கு அவசியமும் வந்ததில்லை.

"குடுவையில யார் பேர் இருக்கு?" என்று கேட்டாள்.

"சிட்செல் பேருதான். ஆனா மாத்தினது அவன்."

"அப்ப கேக் சிட்செலோடது."

வெள்ளிக்கிழமை சிட்செல் ஸ்ட்ராபெரி கேக் கொண்டுவந்தாள், வீட்டில் செய்தது. எல்லாரும் உட்கார்ந்ததும் விபெகெ எழுந்தாள்.

"எல்லாரும் இருக்கீங்க, கேக்கும் இருக்கு. அந்த நிரந்தர வேலை யெப்பெவுக்குன்னு முடிவாயிடுச்சு. அதுக்குன்னு இன்னொரு கேக் எதுக்கு?"

பிறந்தநாள் கேக்குக்கென்று இழுப்பறையில் கிடக்கும் சின்னக் கொடியை எடுத்துச் சிட்செலின் கேக் நடுவில் குத்தினாள். கைதட்டினார்கள்.

"வெட்டு, சிட்செல். யெப்பெவுக்குப் பெருசா" என்றாள் விபெகெ.

சிட்செல் கத்தியை எடுத்தாள். விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி அவன் தட்டில் வைத்தாள். பிறகு மிச்சக் கேக்கைக் கொடியோடு அப்படியே தூக்கிக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தாள்.

"இருபதுல ஒரு பங்கு வெச்சிருக்கேன், யெப்பெ. கவலப்படாத, ஒரு வாரத்துல திரும்ப வளந்துடும்."

விபெகெ தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கொடிய எடுத்துத் தொடச்சு வெச்சிடு. திங்கக்கிழமை ஒரு பிறந்தநாள் இருக்கு."

அடுத்த வேலைக்கு விபெகெயின் சிபாரிசு இல்லாமல் எங்கும் நுழைய முடியாது. சிட்செல் குனிந்து தொட்டிக்குள் கையை விட்டாள். யெப்பெ தன் துண்டைச் சாப்பிட்டு முடித்திருந்தான்.