மண்டை உடையாத ஜிர்ரி

விடியலில் நாணல் அறுக்கப் போன என் மனைவி நஷ்மியா அரைப் படகு நாணலோடு திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்டேன். துடுப்பு நுனியில் தொங்கிய ஒரு செத்த ஜிர்ரி மீனை என் காலடியில் போட்டாள்.

சட்டென்று பின்வாங்கினேன். கறுத்த வழவழப்பான உடம்பு, நீண்ட மீசை, அகன்ற வாய். மருந்துக்குக்கூட ஒரு செதில் கிடையாது. செதில் இல்லாத மீன் எங்களுக்கு விலக்கு. இந்தச் சதுப்பில் ஜிர்ரியைத் தின்பவனும் இல்லை, கையால் தொடுபவனும் இல்லை.

வாய்க்காலில் இன்னும் ஒன்பது மிதக்கின்றன என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. செத்த ஜிர்ரி மிதப்பது இங்கே என்ன புதுசு? வலையில் சிக்கினால் மீன்பிடிக்கிறவர்கள் அடித்துக் கொன்று தண்ணீரிலேயே வீசுவார்கள். உயிரோடு விட்டால் மறுநாளும் வந்து வலையைக் கிழிக்கும். எங்கள் பக்கத்தில் வலை போடுகிறவன் சாசிப் ஒருவன்தான்.

"சாசிப் வீசியிருப்பான். ஜிர்ரிக்கெல்லாம் துக்கம் விசாரிக்கப் போறியா?" என்றேன்.

"சாசிப் துடுப்பால மண்டையில ஒண்ணு போட்டுத்தான் வீசுவான். இதுக்கு மண்டை உடையல. குனிஞ்சு பாருங்க, அபூ தாஹிர்."

நான் குனியவில்லை.

அவள் விடவில்லை. ஜிர்ரி பகலெல்லாம் அடிச்சேற்றில் முகம் புதைத்துக் கிடக்கும் மீன். அழுகலோ பிணமோ, அடியில் எது விழுந்தாலும் மீசையால் தடவிக் கண்டுபிடித்து விழுங்கிவிடும். அடியில் என்னவோ கெட்டுக் கிடக்கிறது, இன்று ஒருநாள் எருமைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம் என்றாள்.

பதினொரு எருமைகள், இரண்டு கன்றுகள். எங்களுக்கு இருப்பது அவ்வளவுதான். ஆகஸ்ட் வெயிலில் எருமையைக் கரையில் கட்டினால் மதியத்துக்குள் தோல் வெடிக்கும், பால் வற்றும். தீனியாகப் போடுவதற்கு அரைப் படகு நாணல்தான் இருந்தது.

"தண்ணி கெட்டா புன்னி செத்து மிதக்கும். அப்பப் பாத்துக்கலாம். ஜிர்ரியெல்லாம் ஒரு மீனா?"

புன்னி நாங்கள் சுட்டுத் தின்னும் செதில் மீன். அன்று தண்ணீரில் ஒரு புன்னிகூடச் செத்து மிதக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

எருமைகளை அவிழ்த்துவிட்டேன். எப்போதும் போல மூத்த எருமை சம்ரா முதலில் இறங்கினாள். அவள் போகும் வழியில்தான் மற்றவை போகும், அவளை ஒருநாளும் முந்தியதில்லை. நஷ்மியா கன்றுகள் இரண்டையும் வீட்டுக்குள் இழுத்துக் கட்டினாள். கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெயில் ஏறியபோது சாசிப் படகில் வந்தான். தேநீரும் எங்கள் வீட்டுப் பாலாடையும் அவனுக்குப் பழகிப்போனவை.

"ஜிர்ரிய எங்க வாசல்லதான் கொட்டணுமா, தம்பி?" என்றேன்.

"எந்த ஜிர்ரி? நாலு நாளா என் வலை கிழிஞ்சு கொடியில தொங்குது. தைக்க நூல் கேக்கத்தானே வந்தேன்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நஷ்மியாவின் கை நின்றது.

சாசிப் எழுந்து போய், ஒரு நாணல் குச்சியால் அந்த ஜிர்ரியின் வாயைப் பிளந்தான். தொண்டையில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு மாவு உருண்டை. லேசாக நீலம் பாய்ந்திருந்தது. அதை அவன் தரையில் தட்டி, குச்சியால் நசுக்கிப் பார்த்தான்.

"மருந்து மாவு," என்றான். "மீனக் கொல்ல மாவுல விஷத்தப் பெசஞ்சு போடறது, கரைஞ்சா தண்ணியே விஷம். வடக்கால ரெண்டு வெளியூர்ப் படகு சுத்துதுன்னு சொன்னாங்க. நம்ம வாய்க்காலுக்கே வந்துட்டானுங்க."

"ஒரு புன்னிகூட சாகலையே," என்றேன்.

"செத்திருக்கும், அபூ தாஹிர். விடியறதுக்குள்ள அள்ளிட்டுப் போயிருப்பானுங்க. இந்நேரம் சந்தையில யாரோ சுட்டுத் தின்னுக்கிட்டிருப்பாங்க. யாரும் வாங்காதத மட்டும் உங்களுக்கு விட்டுட்டுப் போயிருக்கானுங்க."

நான் கரைக்கு ஓடினேன். எருமைகள் கூப்பிடும் தூரத்தில்தான் இருந்தன. கழுத்து வரைக்கும் தண்ணீர், வயிறு அடிச்சேற்றில். இரண்டு கைகளையும் வாயில் குவித்து, அப்பா எனக்கு விட்டுப்போன கூவலைக் கூவினேன். எந்த மூலையில் இருந்தாலும் சம்ரா அதற்குப் பதில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

தலையைத் திருப்பினாள். எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள். வாயிலிருந்து நுரை கயிறாக இறங்கியது. முன்னங்கால்கள் நடுங்கி மடிந்தன.

மற்ற பத்தும் அவளைத் தாண்டி வரவில்லை. அவளைச் சுற்றி நின்று, அவள் எழுவதற்காகக் காத்திருந்தன. ஒன்று குனிந்து தண்ணீர் குடித்தது. நஷ்மியா துடுப்பை எடுத்துக்கொண்டு தண்ணீரில் குதிக்கப் போனாள். சாசிப் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

நான் கூவிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குள் கட்டியிருந்த இரண்டு கன்றுகள் மட்டும் பதில் கொடுத்தன.