பெயர் சொன்னால் வருபவன்

மகளின் கையில் இருந்த புத்தகத்தின் அட்டையைக் கண்டதும் குணலட்சுமி துருவிய தேங்காயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். கறுப்பு அட்டை. மான்கொம்பு முளைத்த ஒருவன், சட்டையில் ஒரு பொத்தானைக்கூடப் பூட்டாமல் நிற்கிறான். பின்னால் உயர உயரமாய் மாடிக் கட்டடங்கள்.

“உதென்னடி, பேய்ப் புத்தகமோ?”

“பேய் இல்லையம்மா.”

“அப்ப சாமியோ?”

“சாமியும் இல்லை. ரெண்டுக்கும் இடையிலை ஒரு சனம். முந்திக் காட்டிலை இருந்தவை, இப்ப ரவுணிலை இருக்கினம்.”

“அப்ப முனி” என்று குணலட்சுமி முடிவு கட்டினாள். “கலியாணம் கட்டினவனோ?”

“இன்னும் இல்லை.”

“முதல்லை அந்தச் சேட்டைப் பூட்டச் சொல்லு” என்றுவிட்டுத் துருவலைக்குத் திரும்பிப் போனாள்.

தர்சினிக்கு வயது இருபத்தொன்பது. உடுப்பிட்டியில் வீடு, நெல்லியடியில் ஒரு பல் வைத்தியரிடம் நம்பர் எழுதிக் கொடுக்கும் வேலை. கூட வேலை செய்யும் வினோஜாவுக்கு லண்டனிலிருந்து அக்கா அனுப்பிய புத்தகம் இது. வாயைத் திறந்தபடி சனங்கள் உள்ளே கிடக்க, வெளியே மேசையில் இருந்து தர்சினி இந்த முனியோடு ஒரு கிழமையாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள்.

புத்தகத்துக்குள் பனி கொட்டும் ஒரு நகரம். அங்கே அம்புலன்ஸில் வேலை செய்யும் ஒரு பெண். ரயில் ஓடும் சுரங்கங்களுக்கும் கீழே முனியின் அரசு. நல்லவன் என்று சொல்ல முடியாது. தன்னை ஏமாற்றிய ஒருவனைக் கல்லாக்கி ஸ்ரேசனில் போட்டிருக்கிறான், சனங்கள் அதன்மேல் குந்தியிருந்து கோப்பி குடிக்கிறார்கள். அவன் தன் உண்மைப் பெயரை மட்டும் ஒருவருக்கும் சொல்வதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், எங்கே நின்றாலும் அவன் வந்தே ஆகவேண்டும். கூப்பிட்டவளுக்கும் அது சும்மா கிடைக்காது. பிறகு அவளால் தன் வீட்டுக்குத் திரும்ப முடியாது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் எப்படியோ தெரிந்துவிட்டது. தெரிந்தும் புத்தகத்தின் பாதிக்கு மேல் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறாள். “சொல்லித் துலையனடி” என்று தர்சினி ஒரு நாள் வாய்விட்டே பேசிவிட்டாள். பல் வலியோடு வரிசையில் இருந்த ஒரு கிழவர் திடுக்கிட்டுத் தன் பெயரைச் சொன்னார்.

ஏசியது அந்தப் பெண்ணைத்தான். சுட்டது தனக்கு. தர்சினியின் வாய்க்குள்ளும் இரண்டு வருடமாக ஒரு பெயர் கிடந்தது.

யதுசன் கனடாவில், ரொறன்ரோவில் பாண் பேக்கரி ஒன்றில் இரவு வேலை செய்பவன். லீவில் வந்து கலியாணப் பதிவை, அதுதான் எழுத்தை, முடித்துவிட்டுப் போனான். விசா வந்த பிறகுதான் தாலி என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். தாலி இன்னும் ஏறாவிட்டாலும், பெயர் சொல்லக்கூடாது என்ற சட்டம் மட்டும் எழுத்து அன்றே ஏறிவிட்டது. புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது குணலட்சுமியின் கட்சி. தர்சினியின் தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தாதி அவர் பெயரைக் கேட்க, வாயைப் பொத்திக்கொண்டு மகளை முன்னால் தள்ளிவிட்டவள் அவள். மரணப் பதிவுக்குப் போனபோதும் அதே கூத்துத்தான், “முத்துக்குமாரு” என்று சொன்னது தர்சினிதான்.

அதனால் தர்சினி யதுசனை ஒன்றும் கூப்பிடுவதில்லை. பெண் பார்க்கும் காலத்தில் முதன்முதலில் போன் எடுத்தபோது பதற்றத்தில் “அண்ணை” என்றுவிட்டாள். பக்கத்தில் இருந்த மாமி நுள்ளிய இடம் கன காலம் கன்றிப்போய் இருந்தது. அதன் பிறகு “ஹலோ”, மிஞ்சினால் புருசன்மாரைக் கூப்பிடுகிற “இஞ்சாருங்கோ”.

ஆனால் அவன்மேல் அவளுக்கு ஆசை இருந்தது. அதிலே ஒளிக்க ஒன்றுமில்லை. வல்லிபுரக் கோயிலுக்குப் போன அன்று செருப்பு அறுந்து, கொதிக்கிற மணலில் அவன் துள்ளித் துள்ளிச் சிரித்துக்கொண்டு நடக்க, விழுந்துவிடுவான் என்று அவள் முழங்கையைப் பிடித்தாள். மணல் முடிந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை, அவனும் எடுக்கச் சொல்லவில்லை. இரண்டு வருடமாக அதை வைத்துத்தான் அவள் காலம் தள்ளினாள். இப்போது அது போதவில்லை.

போன ஞாயிறு அவன் சொன்னான்: “விசாவுக்கு இன்னும் ஒரு கடதாசி குறையுதாம், திரும்பவும் இழுபடப்போகுது. நான் உம்மைக் கட்டிப்போட்டு வைச்சிருக்கிற மாதிரிக் கிடக்கு. விருப்பமில்லாட்டிச் சொல்லும், எழுத்தை வெட்டலாம். நான் கோவிக்கமாட்டன். வாற ஞாயிறு ஒரு முடிவு சொல்லும்.”

அவள் “ம்” என்றாள். அந்த “ம்”மை நினைத்து நினைத்து அந்தக் கிழமை முழுக்கத் தன்னையே ஏசினாள்.

இன்று ஞாயிறு. அவன் வேலை முடிந்து வரும் காலை, இங்கே பொழுது சாய்கிற நேரம். போன் அடித்தது.

“யோசிச்சனீரோ?” என்றான். களைத்த குரல்.

அவள் பாடமாக்கி வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை.

“சரி. விளங்குது” என்றான் அவன். “நான் லோயரோடை கதைக்கிறன். நீர் ஒண்டுக்கும் பயப்படாதையும். வைக்கட்டே?”

“யதுசன்!”

குசினியில் சட்டி கழுவும் சத்தம் நின்றது.

“என்னெண்டனீர்?”

“யதுசன்” என்றாள் மறுபடியும். இந்த முறை மெல்ல.

“ரெண்டு வருசத்திலை இப்பதான் என்னைக் கூப்பிடுறீர்” என்றான் அவன். குரல் உடைந்திருந்தது. “பிடிக்காத ஆளெண்டபடியால்தான் உம்மடை வாயிலை பேரே வருதில்லையெண்டு நினைச்சனான்.”

அவன் சின்ன வயதிலேயே கனடாவுக்குப் போனவன். அங்கே அவனுடைய தாய், தகப்பனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அது தர்சினிக்கு இப்போதுதான் மண்டையில் ஏறியது. தான் மரியாதை என்று காத்தது அவனுக்கு வெறுப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

“பேரைச் சொன்னா உங்கடை ஆயுசு குறையும் எண்டு அம்மா...” என்று இழுத்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“குறைஞ்சாக் குறையட்டும். இன்னொருக்காக் கூப்பிடும்.”

“கூப்பிட்டா வரவேணும். எனக்கு விசா வாறவரைக்கும் அங்கை வர ஏலாது. நீங்கள் வாங்கோ. எனக்கு உங்களைப் பாக்கவேணும், யதுசன்.”

“வாறன்” என்றான். “நாளைக்கே லீவு கேக்கிறன். தைக்கு முதல் வாறன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் குணலட்சுமி ஈரக் கையோடு கதவடியில் நின்றாள். ஏச்சு விழப்போகிறது என்று தர்சினி தலையைக் குனிந்தாள்.

“வாறாரோ?”

“ஓமம்மா.”

“பிறகு உன்னையும் கூட்டிக்கொண்டு போயிடுவார், என்ன?”

குணலட்சுமி கதிரையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

“உந்த முனியும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வருவானோ?”

“ஓம். எங்கை நிண்டாலும் வருவான்.”

குணலட்சுமி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள். தர்சினி புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்தைத் தேடினாள். ஒரு பக்கம் முடியவில்லை, குசினிக்குள்ளிருந்து குரல் கேட்டது. இந்த வீட்டில் ஒருநாளும் அந்தக் குரலில் கேட்டிராத பெயர்.

“முத்துக்குமாரு” என்றாள் குணலட்சுமி. சற்றுப் பொறுத்து, இன்னும் கொஞ்சம் பலமாக, “இஞ்சாருங்கோ, முத்துக்குமாரு.”

தர்சினி புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து அம்மாவிடம் போனாள்.