கலியமூர்த்திக்கு வைத்த விருந்து

ஏகாம்பரத்துக்கு நாக்கு நாலு முழம். டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் அல்வா கிண்டினாலும் அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். சர்க்கரை வியாதி லேசாக ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோதுகூட அவர் கவலைப்பட்டது உடம்பை நினைத்து அல்ல, தீபாவளியை நினைத்து. இந்த விஷயத்தை அவர் சொன்னது இரண்டே பேரிடம்தான். ஒன்று மனைவி இந்திராணி. இன்னொன்று ஆபீஸில் பக்கத்து மேஜையில் இருந்த கலியமூர்த்தி. அவனை அவர் கூடப்பிறந்த தம்பியாகவே நினைத்திருந்தார்.

பாங்காக் தூதரகத்தில் ஒரு இடம் காலியாயிற்று. முதல் உரிமை ஏகாம்பரத்துக்கு, அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அடுத்தது கலியமூர்த்திக்கு. இந்திராணி கரோல்பாக் போய்ப் பெட்டி வாங்கினாள், சொந்த ஊரான காஞ்சிபுரத்துக்குக் கடிதம் எழுதினாள், காலனி முழுக்கச் சொன்னாள். புருஷனைச் சில வாரம் வாயைக் கட்டவும் வைத்தாள். மருத்துவப் பரிசோதனைக்கு முந்தின நாள் கலியமூர்த்தி சுடச்சுட ஜிலேபியோடு வந்தான். "ஒரு நாள்ல என்னண்ணே ஆயிடப் போவுது, சந்தோஷ சமாச்சாரம்ல" என்று ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தான். மறுநாள் காலை கேன்டீனில் சர்க்கரை போட்டுப் பாலைச் சுண்டக் காய்ச்சிய ரப்டியும் வாங்கிக் கொடுத்தான். மருத்துவமனையில் சிறுநீரை மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார்கள்; நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை, ஆனால் செங்கல் நிறம் வந்தது. தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள்.

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்களே, அதுபோல மேலிடத்தில் ஏதோ சிக்கனம் என்று அந்த இடத்தையே கிடப்பில் போட்டார்கள். கலியமூர்த்தியும் போகவில்லை. ஆனால் "எப்ப ப்ளேன் ஏறுறீங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது இந்திராணிதான். வெட்கம் அவளைத் தின்றது.

இதெல்லாம் விதி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். டிசம்பர் மாதக் காலையில் பால் பூத் வரிசையில் நிற்கும் வரைக்கும். குளிருக்குச் சால்வையைத் தலையோடு முகத்தோடு சுற்றியிருந்தாள். முன்னால் நின்ற பூங்கோதை, கலியமூர்த்தியின் பெண்டாட்டி, யார் பின்னால் நிற்கிறார்கள் என்று தெரியாமல் பக்கத்துப் பெண்ணிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். "அவருக்குச் சர்க்கரைன்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்ல. ஒரு பொட்டலம் ஜிலேபியில காரியத்த முடிச்சுட்டாரு. நம்ம நேரம், அந்த போஸ்ட்டே போயிடுச்சு."

இந்திராணி பால் வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போட்டால் கோபம் தீர்ந்துபோகும், அவளுக்குத் தீர வேண்டாம். கணவரிடமும் மூச்சு விடவில்லை. அடுப்பில் மட்டும் அந்த வஞ்சத்தை ஏற்றினாள். சர்க்கரை டப்பா பரணுக்குப் போயிற்று. கோதுமை ரவையும் பாகற்காயும் வெந்தயமும் வந்தன. விடிந்ததும் அவரைக் கிளப்பி மலை மந்திர் முருகன் கோயில் வரை நடக்க வைத்தாள், கூடவே நடந்தாள். ஸ்பிரிட் விளக்கும் கண்ணாடிக் குழாயும் வாங்கி, வீட்டிலேயே காய்ச்சிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். செங்கல் மஞ்சளாயிற்று, மஞ்சள் பச்சையாயிற்று, ஒரு நாள் நீலமாகவே நின்றது. ஏகாம்பரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "மனசு வச்சா முடியும் பாத்தியா!" என்று ஆபீஸில் எல்லோருக்கும் உபதேசம் செய்ய ஆரம்பித்தார். யார் மனசு என்று அவருக்குத் தெரியாது.

கலியமூர்த்தி வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோய்க்கொண்டிருந்தான். அவள் சிரித்த முகத்தோடு டீ கொடுத்தாள். மழைக் காலம் ஆரம்பித்த சமயத்தில்தான் ஒன்றைக் கவனித்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறான், நாலு தடவை பின்பக்கம் போகிறான். அவன் போன பிறகு கழிவறை ஓரத்தில் எறும்பு சாரி சாரியாக மொய்க்கிறது. இந்த வீட்டுக்காரருக்கோ நீலம். அப்புறம் எறும்பு யாருக்காக வருகிறது? அவள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள். அந்த ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

கிடப்பில் போட்ட இடம் திரும்ப உயிர் பெற்றது. இந்தத் தடவை இருவரையும் ஒரே நாளில் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம், ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாத முகத்தோடு, கலியமூர்த்தி ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்து நின்றான்.

"வாங்க தம்பி, வாங்க" என்றாள் இந்திராணி. "இன்னிக்கு இங்கதான் சாப்பாடு. சேமியா பாயசம் வச்சிருக்கேன்."

ஏகாம்பரத்தின் தட்டில் ரவை உப்புமாவும் வெள்ளரிக்காயும். கலியமூர்த்தியின் தட்டில் அவன் கொண்டுவந்த ஜிலேபி முழுவதும், பக்கத்தில் பாயசம், அதற்குப் பக்கத்தில் நெய் ஒழுகும் கோதுமை அல்வா. விருந்தாளி கொண்டுவந்ததை விருந்தாளிக்கு முதலில் வைப்பது அந்த வீட்டு வழக்கம், யாரும் குறை சொல்ல முடியாது.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு" என்று கலியமூர்த்தி ஒரு ஜிலேபியை நீட்டினான். பாகு அவன் விரலில் வழிந்தது. ஏகாம்பரத்தின் கை தட்டை விட்டு மேலே எழுந்தது. இந்திராணி கரண்டியோடு அப்படியே நின்றாள். இத்தனை நாள் பட்ட பாடு இந்த ஒரு கையில்தான் இருந்தது.

"நீ சாப்பிடு மூர்த்தி" என்று அவர் கையை இறக்கி வெள்ளரிக்காயை எடுத்தார்.

கலியமூர்த்தி விடுகிற ஆள் இல்லை. எதிரே உட்கார்ந்து ருசித்துத் தின்றால் அண்ணன் மசிந்துவிடுவார் என்று கணக்குப் போட்டான். சப்புக்கொட்டிச் சப்புக்கொட்டித் தின்றான். இந்திராணி வைக்க வைக்க, அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்க்கரை வியாதி என்பது ஏகாம்பரத்துக்கு மட்டும் வருவது என்று அவன் நினைத்திருந்தான் போலும். "இன்னும் கொஞ்சம் பாயசம் தம்பி, எனக்காக" என்றாள் அவள். கிண்ணத்தை வழித்துக் குடித்தான்.

மறுநாள் ஏகாம்பரம் தேறினார். கலியமூர்த்தியை வீட்டுக்கே அனுப்பவில்லை. சர்க்கரை எக்கச்சக்கம், ஷூ கடித்த காலில் புண் உள்ளுக்குள்ளே புரையோடியிருக்கிறது, விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று படுக்கையில் போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் பூங்கோதை அழுதுகொண்டே வந்தாள். "அக்கா, அண்ணனுக்கு எப்படிச் சரி பண்ணீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கக்கா."

"பால் பூத்துல ஒரு நாள் உன் பின்னாடிதான்டி நின்னேன்" என்றாள் இந்திராணி. "ஜிலேபி கதைய நீ சொன்னது முழுக்கக் கேட்டேன்."

பூங்கோதைக்கு முகம் வெளுத்தது. "அதுக்காகவா நேத்து அவருக்கு...? அவருக்கு இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். எறும்பு சொல்லுச்சு. மழைக் காலத்துலேருந்தே தெரியும்."

பூங்கோதை செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். இந்திராணி திரும்பினால், கூடத்து வாசலில் ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"தெரிஞ்சுமா அவனுக்கு ஊத்தி ஊத்தி வச்சே?"

"அவரு தெரிஞ்சுதானே உங்களுக்குக் கொண்டுவந்தாரு?"

"அவன் கெட்டவன், ஒத்துக்கறேன். ஆனா நான் என்னமோ என் மனசால வாயைக் கட்டினேன்னு நெனச்சிருந்தேனே இந்திரா. என்னைக் கத்தியா தீட்டியிருக்கே நீ."

"அச்சா, அப்படித்தான்னு வச்சுக்குங்க. இப்ப ப்ளேன்ல போறது யாரு?" அவளுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு பெரிய திருப்திதான்.

கீழ்வீட்டுச் சந்திரம்மாள் வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருந்த லட்டுப் பெட்டி மேஜைமேல் இருந்தது. ஏகாம்பரம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து ஒரு லட்டை எடுத்தார். கிளம்புவதற்கு முன் இன்னொரு பரிசோதனை உண்டு என்று இருவருக்கும் தெரியும்.

அவளையே பார்த்துக்கொண்டு முழு லட்டையும் நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு பெட்டியை அவள் பக்கம் தள்ளி, வெறும் தட்டை நீட்டினார்.

"விருந்து வைக்கறதுல நீ கெட்டிக்காரி. எனக்கும் வை."