புரட்டாசி முட்டை

மாணவர் மனநலத்துக்கென்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகளின் கண்ணில் படும்படி ஊக்கமூட்டும் வாசகங்களை வைக்க வேண்டுமாம். சின்ன காஞ்சிபுரத்து நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் சிவராஜ் சொன்ன சொல் தட்டாத மனிதர். மறுநாளே ஆறு ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். 'உன்னால் முடியும்' என்று ஒன்று, 'நீ ஒரு வைரம்' என்று இன்னொன்று. வைரத்தைக் கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டினார்கள். அங்கேதான் ஆணி இருந்தது.

தில்லையம்மாளுக்குச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. அவள் சத்துணவு அமைப்பாளர். சோற்றுக்கும் சாம்பாருக்கும் என்ன மனநலம் என்று யாரோ நினைத்திருப்பார்கள். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று முகத்தைக் காட்டிவிட்டுப் போனது அவளிடம்தான். வாத்தியார்களுக்குப் பிள்ளைகளை மதிப்பெண்ணை வைத்துத் தெரியும், அவளுக்குத் தட்டை வைத்துத் தெரியும். எவன் இரண்டாம் தடவை வர வெட்கப்படுகிறான், எவள் பசியில்லை என்று பொய் சொல்கிறாள், எவள் வீட்டில் நேற்று சண்டை என்பதெல்லாம் தட்டை நீட்டுகிற கையிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்து சமையல்காரி பட்டம்மாளிடம் பொருமினாள்.

"அத்தினி பேரும் வைரமாம். ஒரு புள்ளயையாவது உத்துப் பாத்துட்டு எழுதினாங்களா?"

"உனக்கு இன்னா டீச்சர், சோத்தப் பாரு" என்றாள் பட்டம்மாள்.

தில்லையம்மாள் சோற்றைப் பார்க்கவில்லை. முட்டையைப் பார்த்தாள். அந்தப் பள்ளியில் முட்டையை ஓட்டோடுதான் தட்டில் வைப்பார்கள். உரிப்பது பிள்ளைகள் பாடு. அன்றைக்கு வெந்து ஆறிய முட்டைகளில் பத்தை எடுத்துத் துடைத்து, பென்சிலைக் கூர்சீவி எழுத ஆரம்பித்தாள். வைரம், முத்து என்றெல்லாம் இல்லை, கண்ணால் பார்த்ததை எழுதினாள். 'ராமராஜா, நேத்து கீழ விழுந்தவனத் தூக்கிவிட்டுட்டு பந்த எடுக்க ஓடின. பாத்தேன்.' 'அபிநயா, உன் தம்பி தட்டக் கழுவி வெச்சதுக்கப்புறம்தான் நீ சாப்ட உக்காந்த.' முட்டை சின்னது, அவள் எழுத்து பெரியது. அதனால் சில வாக்கியங்கள் சுற்றிக்கொண்டு அடிப்பக்கம் போய் முடிந்தன.

ஒரு நாளைக்குப் பத்துப் பேர் என்று கணக்கு வைத்துக்கொண்டாள். இரண்டே வாரத்தில் பள்ளிக்கூடத்தில் முட்டையைத் திருப்பிப் பார்க்காமல் உரிக்கிற பிள்ளை இல்லை என்றாகிவிட்டது. தன் பெயர் வராத அன்று சிலர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். தில்லையம்மாளுக்கு ஏக சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி மழுங்கிப் போனது.

ஏனென்றால் புரட்டாசி பிறந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், பெருமாள் மாதம் முழுக்கத் தானே கவிச்சியைத் தொடாதவள், முட்டையில் எழுதினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. வருஷா வருஷம் புரட்டாசியில் பாதிப் பிள்ளைகள் நெற்றியில் நாமத்தோடு வந்து முட்டை வேண்டாம், வாழைப்பழம் கொடுங்கள் என்பார்கள். இந்த வருஷம் வாழைப்பழம் தாரோடு மிஞ்சியது. நாமம் போட்ட பிள்ளைகள் அத்தனையும் முட்டைக்குக் கையை நீட்டின. பட்டம்மாள் வைத்துக்கொண்டே போனாள்.

மூன்றாம் நாள் இரண்டு அம்மாக்கள் வந்து வாசலில் நின்று கத்தினார்கள். "பெருமாள் மாசத்துல எம்புள்ளய முட்ட துன்ன வெச்சுட்டியேம்மா, நீ நல்லாருப்பியா?"  அவர்கள் கேட்டதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

சிவராஜ் அவளைக் கூப்பிட்டார். கோபக்காரர் இல்லை, பயந்தவர். "நல்ல எண்ணத்துலதான் செய்யறீங்க, எனக்குத் தெரியுது. ஆனா இன்னொரு அம்மா வந்து நின்னா மேல எழுதிடுவாங்கம்மா. புரட்டாசி முடியிற வரைக்கும் விரதம் இருக்கற வீட்டுப் புள்ளைங்களுக்கு வேணாம். மீறினா மொத்தமா நிறுத்திடுவேன்."

"சரி சார்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

அந்தச் சொல்லை நாலு நாள்கூட அவளால் காப்பாற்ற முடியவில்லை. காரணம் துர்கா.

துர்கா ஏழாம் வகுப்பு. திக்கிப் பேசுகிற பெண். ஆடி மாசத்தில் ஒரு நாள் காலை வழிபாட்டில் செய்தி வாசிக்க அவள் முறை வந்தது. திருமுக்கூடல் பக்கம் பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்று செய்தி. 'திரு' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. தி, தி, தி என்று அவள் முட்டிமோத, முதல் வரிசையில் ஒருவன் சிரித்தான், பிறகு மைதானமே சிரித்தது. சிவராஜ் நல்லவராக, "போதும்மா, போய் நில்லு" என்றார். அவள் போகவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் உதட்டை அசைத்துக்கொண்டே நின்று, காகிதத்தை மடித்த பிறகுதான் இறங்கினாள். பாதியில் விட்டுவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மேடைக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில், சமையல்கூட வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தில்லையம்மாளுக்கு மட்டும் கடைசி வரி வரைக்கும் காதில் விழுந்தது.

அதற்கப்புறம் துர்கா வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள்தான் வந்தாள். கேட்டால் வயிற்றுவலி. வந்த நாளில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.  சிவராஜிடம் சரியென்று சொன்ன மூன்றாம் நாள் அபிநயா வந்து இன்னொன்றும் சொன்னாள்.

"துர்கா அடுத்த வாரத்துலருந்து வராதாம் டீச்சர். வாலாஜாபாத்துல அவங்க மாமா வூட்ல வுட்டு அங்க ஸ்கூல்ல சேக்கப் போறாங்களாம்."

அங்கேயும் காலை வழிபாடு உண்டு. அங்கேயும் செய்தி வாசிக்கச் சொல்வார்கள். அங்கே கேட்க யார் இருப்பார்கள்? காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம்தான். ஆனால் அந்தப் பள்ளியில் டீச்சர் கையிலிருந்து துண்டுக் காகிதம் வந்தால் வீட்டுக்குப் புகார் என்று அர்த்தம், துர்கா பிரிக்காமலே அழுவாள். முட்டையில் வந்தால்தான் எல்லோருக்கும் வருகிற மாதிரி அவளுக்கும் வந்ததாக இருக்கும். பென்சிலை எடுத்தாள். நாமம் போட்ட நெற்றிக்கு எதிரே முட்டையை வைத்து, "நீ துன்ன வாணாம் கண்ணு, படிச்சுட்டுக் குடுத்துடு" என்று காதோடு சொன்னாள்.

துர்கா படித்தாள். திருப்பித் திருப்பிப் படித்தாள். முட்டையைத் திருப்பித் தரவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சோற்று மணிக்குச் சற்று முன்னால் துர்காவின் அம்மா சுகாசினி வந்தாள். பட்டுக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலை. கடையில் கொடுத்த சீருடைச் சேலையோடு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே சமையல்கூடத்துக்கு வந்தாள். இன்னொரு கையில் கைக்குட்டை, அதற்குள் முட்டை. தூரத்தில் சிவராஜ் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். முடிந்தது கதை என்று நினைத்தாள் தில்லையம்மாள்.

"இத நீங்கதான் எழுதினீங்களா?"

"நான்தான்மா. புரட்டாசின்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். புள்ள துன்னல, சத்தியமா துன்னல. தப்பு என்னுதுதான்."

சுகாசினி அதைக் காதில் வாங்கவே இல்லை. முட்டையை உருட்டி உருட்டிப் படித்தாள். "'துர்கா, அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நீ வுடாம கடைசி வரி வரைக்கும் படிச்ச. நான் கேட்டேன்.' இது இன்னா டீச்சர்? யாரு சிரிச்சாங்க? எதுக்கு சிரிச்சாங்க?"

தில்லையம்மாள் திகைத்துப் போனாள். இந்தக் குழந்தை இரண்டு மாதமாக வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருமுக்கூடல் செய்தியிலிருந்து தெரிந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல, வந்து நின்ற சிவராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"வவுத்துவலின்னு சொல்லிச்சு டீச்சர். ஸ்கேன்கூட எடுத்தோம். ஒண்ணுமில்லன்னுட்டாங்க. தண்ணி மாறினா சரியாப் போவும்னுதான் எங்கண்ணன் வூட்டுக்கு…" சுகாசினிக்குக் குரல் உடைந்தது. "எங்கிட்டயே சொல்லலியே!"

"எப்படிம்மா சொல்லும்?" என்று பட்டம்மாள் அகப்பையோடு திரும்பினாள். "இது சொல்லி முடிக்கறதுக்கு நேரம் ஆவும்ல?"

 சுகாசினி மெதுவாகச் சொன்னாள். "இது வாயத் தொறந்ததுமே நானும் அவங்கப்பாவும் மீதிய சொல்லிடுவோம். புள்ள கஷ்டப்படக் கூடாதுன்னு. தோசையான்னா தோசை, பேனாவான்னா பேனா. தலைய ஆட்டிட்டுப் போயிடும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். "அன்னிக்கு இன்னாடா படிச்ச? அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு."

துர்காவுக்கு அது மனப்பாடம். சுவரைப் பார்த்துத் திரும்பப் போனவள், அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றாள். தி, தி, தி என்று நின்றது. சுகாசினியின் உதடு தானாகத் திருமுக்கூடல் என்று குவிந்தது. தில்லையம்மாள் அவள் கையை அழுத்தினாள். சுகாசினி சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சாம்பார் கொதித்தது, வெளியே தட்டுகள் மோதின, யாரும் அசையவில்லை. ஆறு வரிச் செய்தி. கரையோரத்து மக்கள் ஆற்றில் இறங்க வேண்டாம் என்ற கடைசி வரிக்கு வந்து சேர எத்தனை நேரம் ஆனதோ, அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

படித்து முடித்தவள் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். இன்னும் ஏதோ இருந்தது.

"நா… நான்… வா… வா… வா…"

அது எந்த ஊர் என்று அங்கிருந்த நாலு பேருக்கும் தெரிந்துவிட்டது. சுகாசினிக்குத்தான் முதலில் தெரிந்தது. அந்தப் பெயர் அவள் நாக்கு நுனியிலேயே நின்றது. தலைப்பை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மகளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வா… வாலாஜாபாத்துக்குப் போ… போவலம்மா."

"சரிடா" என்றாள் சுகாசினி.