தோளில் ஆறு குண்டூசி

தையல்காரி வேலைக்கு உட்கார்ந்தால் சட்டையின் இடது தோளில் ஆறு குண்டூசிகளைக் குத்திக்கொள்வாள். எழும்போது விரல் தானாகத் தோளுக்குப் போய் எண்ணிவிட்டு வரும். இருபது வருடப் பழக்கம். அன்று மட்டும் எண்ணாமல் எழுந்துவிட்டாள்.

எல்லாம் சுண்டெலியால் வந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வீட்டில் அதுதான் பெயர். கேரமல் ஆப்பிள் வேண்டும் என்று பத்து நாளாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று பின்னாலிருந்து வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தை வைத்து, "இன்னைக்காவது செஞ்சு குடும்மா" என்றாள். கொஞ்சினால் யார்தான் உருக மாட்டார்கள்? தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஏழு ஆப்பிள்களை வெந்நீரில் கழுவித் துடைத்து, காம்பிருந்த இடத்தில் குச்சி செருகினாள். சர்க்கரை உருகித் தேன் நிறத்துக்கு வந்ததும் வெண்ணெயும் பாலாடையும் சேர்த்து, பொங்கிவிடாமல் குனிந்து குனிந்து பார்த்துக் கிளறினாள். ஒவ்வொன்றாகப் பாகில் முக்கி, வெண்ணெய் தடவிய தட்டில் நிறுத்தினாள்.

"இறுகற வரைக்கும் தொடக்கூடாது" என்று மகளிடம் சொல்லிவிட்டு, துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனாள். திரும்பி வந்து தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் விரல் தோளுக்குப் போனது. ஐந்து.

மறுபடி எண்ணினாள். ஐந்துதான். பாகின் மேல் குனிந்து நின்றது நினைவுக்கு வந்தது. கீழே விழும் ஊசிகளைப் பொறுக்குகிற காந்தத்தை எடுத்துத் தரையெல்லாம் தேய்த்தாள். இல்லை. பாகு காய்ச்சிய பாத்திரத்திலும் இல்லை. ஆப்பிள்களிடம் போனாள். ஒவ்வொன்றையும் காந்தத்தால் சுற்றிச் சுற்றித் தடவினாள். எதிலும் ஒட்டவில்லை. அப்பாடா என்று தட்டைத் தள்ளி வைக்கும்போதுதான் பார்த்தாள். தட்டில் ஆறுதான் இருந்தன.

"ஏங்க, சுண்டெலி எங்க?"

பஸ் ஓட்டுகிற கணவன் கட்டிலிலிருந்து கண்ணைத் திறக்காமலே, "கையில என்னமோ வச்சுக்கிட்டு இப்பதான் கீழ போனா" என்றான்.

செருப்புகூடப் போடாமல் இறங்கினாள். கடைசிப் படியில் மகள் உட்கார்ந்திருந்தாள். பாதி ஆப்பிள் காலி.

"துப்பு. வாயில இருக்கறதத் துப்பு."

"முழுங்கிட்டேனே" என்றது சுண்டெலி.

ஆப்பிளைப் பிடுங்கிக் காந்தத்தை வைத்தாள். ஒட்டவில்லை. அப்படியென்றால் உள்ளே போய்விட்டது. "என் கையாலேயே ஊசியக் குடுத்துட்டேனே" என்று அழுதுகொண்டே, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், காந்தத்தைக் குழந்தையின் தொண்டையில் வைத்தாள், நெஞ்சில் வைத்தாள், வயிற்றில் வைத்தாள். அழுகை கேட்டுக் கணவன் வண்டிச் சாவியோடு ஓடி வந்து, "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், தூக்கு" என்றான்.

தூக்கக் குனிந்தபோது கையிலிருந்த காந்தம் மகளின் கவுன் ஓரத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

தையல் பிரிந்து தொங்கிய ஓரத்தை மடித்து, கோணல்மாணலாக ஒரு குண்டூசி குத்தியிருந்தது.

"கட்டிப்பிடிச்சப்ப உன் தோள்லேருந்து எடுத்தேன்" என்றாள் மகள், அடி விழுமோ என்று பார்த்தபடி. "எல்லார் துணியும் முடிச்சிட்டுத் தச்சுத் தரேன்னு சொன்னியே. அது முடியவே இல்லியேம்மா."

மேலே மேசையில் பதினோரு பேர் துணி குவிந்து கிடந்தது. தையல்காரி ஊசியை உருவப் பார்த்தாள். மூன்றாவது தடவைதான் வந்தது. அதைத் தோளில் குத்திக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப ஆப்பிளக் குடு" என்றாள் சுண்டெலி.

கொடுத்தாள். கடைசி வாய் இறங்கும்வரை மகளின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.